ஏட்டுச் சுரைக்காயும் ஓர் ஆமையும்



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் வந்தார். “டீச்சர், இப்ப எல்லாரும் கோடிங் கோடிங்னு சொல்றாங்க. அதுக்கு எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம்? நீங்க சொன்னா இன்னைக்கே வாங்கிடுவேன்” என்றார். கணிதத்துக்கோ தமிழுக்கோ கேட்டிருந்தால் இரண்டு நூல்களின் பெயரை உடனே சொல்லியிருப்பேன். இதற்கு வாய் வரவில்லை. “அடுத்த வாரம் சொல்றேம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்பதிவு அவருக்குச் சொல்ல நினைத்த விடை. ஆனால், அந்த விடை 1967ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் சற்று நீண்டுவிட்டது. பொறுத்தருள்க.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் (ஆசிரியர் கல்விக் கழகம் என்னும் பெயர் அப்போது வரவில்லை) எங்களுக்குக் கணினிப் பாடம் ஒன்று இருந்தது. நிரல் என்றால் என்ன என்று ஐந்து வரிகளில் எழுதக் கற்றோம். பாய்வு விளக்கப்படத்தில் சாய்சதுரம் எதைக் குறிக்கும், செவ்வகம் எதைக் குறிக்கும் என்று மனனம் செய்தோம். தேர்வில் எனக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. ஆனால், அக்கல்லூரியை விட்டு வெளியேறும் வரையில் ஒரு நிரலைக்கூட நான் எழுதி இயக்கிப் பார்த்ததில்லை!

அதைவிட வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. பல்லாண்டுகளுக்குப் பிறகு, மாணவர்களுக்கு ‘ஸ்கிராட்ச்’ கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கணினிக்கூடத்தில் பாதிக் கணினிகள் பழுதாகிக் கிடந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டளைக் கட்டைகளை வெண்பலகையில் வரைந்து, பயிற்சி ஏட்டில் பார்த்து எழுதச் சொன்னேன். பிள்ளைகள் நீல நிறக் கட்டைக்கு நீல வண்ணமும் மஞ்சள் கட்டைக்கு மஞ்சள் வண்ணமும் தீட்டிக் கொண்டுவந்தார்கள். ஏடுகள் அழகாகத்தான் இருந்தன. ஒரு நாள், “இந்த 10ஐ 20 என்று மாற்றினால் பூனை என்ன செய்யும்?” என்று கேட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்கக் கொடுத்தவள் நான்தான்.

அதன் பிறகுதான், குழந்தைகளுக்கு நிரலாக்கம் எப்படித் தோன்றியது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடிய இடமெல்லாம் ஒரு பெயர் வந்து நின்றது. சீமோர் பேப்பர்ட்.

1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த கணித அறிஞர் இவர். சிறு வயதில் மோட்டார் வண்டியின் பற்சக்கரங்கள் மீது இவருக்கு அளவற்ற மோகம். பிற்காலத்தில் கணிதச் சமன்பாடுகளைக் கண்டபோதெல்லாம் அந்தச் சக்கரங்கள் மனத்துக்குள் சுழன்றனவாம். கையால் தொட்டுச் சுழற்றிய பொருள்தான் தமக்குக் கணிதத்தின் கதவைத் திறந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் ழான் பியாஜேவுடன் பணியாற்றினார். பயிற்சிக் கல்லூரியில் பியாஜேவின் நான்கு வளர்ச்சிப் படிநிலைகளை நாம் எல்லாரும் ஒப்புவித்திருக்கிறோம். அந்தப் பியாஜேதான்! குழந்தை அறிவைப் பெற்றுக் கொள்வதில்லை, தானே கட்டியெழுப்புகிறது என்னும் கருத்தை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டு, பேப்பர்ட் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார்.

அக்காலத்தில் கல்விக்குக் கணினியைப் பயன்படுத்தியோர் இல்லாமல் இல்லை. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பீஸ் போன்றோர் கணினி வழியாகக் கணக்குப் பயிற்சி அளித்து வந்தனர். கணினி கேட்கும், குழந்தை விடை சொல்லும், சரியா தவறா என்று கணினி தீர்ப்பளிக்கும். பேப்பர்ட் இதைத் தலைகீழாக்கினார். குழந்தை கட்டளையிடட்டும், கணினி கீழ்ப்படியட்டும் என்றார். ஓர் அறையையே அடைத்துக் கொண்டு, பெருஞ்செல்வம் விழுங்கிய பொறியைப் பத்து வயதுக் குழந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னவரைப் பலர் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

1967இல் வாலி ஃபொய்ர்சைக், சிந்தியா சாலமன், டேனியல் போப்ரோ ஆகியோரும் பேப்பர்ட்டும் சேர்ந்து ‘லோகோ’ எனும் நிரல்மொழியை உருவாக்கினர். ‘சொல்’ என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. அவ்வாண்டே மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஹான்ஸ்கம் ஃபீல்டு பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்தனர். 1968-69இல் லெக்சிங்டன் நகரின் மஸ்ஸி இடைநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு மாணவர் சிலருக்கு வழக்கமான கணிதப் பாடத்துக்கு மாற்றாக லோகோ கற்பிக்கப்பட்டது. இன்று நாம் காணும் திரையெல்லாம் அன்று இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற கருவியில் பிள்ளைகள் கட்டளைகளைத் தட்டினர். அவை தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவிலிருந்த கணினிக்குச் சென்றன. விடை காகிதச் சுருளில் அச்சாகி வந்தது.

லோகோ என்றதும் எல்லாரும் ஆமையைத்தான் நினைப்பார்கள். ஆனால், தொடக்கத்தில் ஆமையே கிடையாது. பிள்ளைகள் சொற்களோடுதான் விளையாடினர். தமிழாசிரியை என்ற முறையில் என் மனத்தைக் கவர்ந்த பகுதி இதுவே.

பேப்பர்ட் தம் நூலில் ஜென்னி என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமியைப் பற்றி எழுதியிருக்கிறார். இத்திட்டத்துக்கு நடுத்தரப் புள்ளிகள் பெறும் மாணவர்களையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் நாளே ஜென்னி, தாங்கள் அறிவாளிகள் இல்லையே, பிறகு ஏன் எங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டாளாம். (நம் வகுப்பின் பின்வரிசையிலும் இக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது. வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.) குலுக்கல் முறையில் சொற்களைக் கோத்து வாக்கியம் செய்யும் நிரலை அவள் எழுதிக் கொண்டிருந்தாள். கணினி பொருளற்ற சொற்கோவைகளைக் கொட்டியது. எந்த இடத்தில் எந்தச் சொல் வரலாம் என்பதைக் கணினிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. சொற்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்தாள். ஒரு நாள் துள்ளிக் குதித்து வந்து, பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எதற்காக இருக்கின்றன என்று தனக்கு இப்போது தெரிந்துவிட்டது என்றாளாம். அதற்கு முன்பு பல ஆண்டுகளாக அவள் அந்த இலக்கணத்தைப் படித்துக் கொண்டுதான் இருந்தாள்.

இதைப் படித்த அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. மறுநாளே என் வகுப்பில் முயன்று பார்த்தேன். கணினிகூட இல்லை, இரண்டு பிஸ்கட் டின்களும் கத்தரித்த அட்டைகளும்தான். ஒரு டின்னில் பெயர்ச்சொற்கள், மற்றொன்றில் வினைமுற்றுகள். ஒரு மாணவன் ‘கணினி’யாகி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அட்டையை எடுத்துப் படித்தான். “தலைமையாசிரியர் பறந்தது.” வகுப்பு அதிர்ந்து சிரித்தது. “பூனைகள் பாடினாள்.” மீண்டும் சிரிப்பு. ஆங்கிலத்தில் இறந்தகால வினையை எந்தப் பெயரோடும் அப்படியே சேர்த்துவிடலாம். ஆகவே, அங்கே பெயருக்கு ஒன்றும் வினைக்கு ஒன்றுமாக இரண்டு கூட்டங்கள் போதும். நம் மொழியில் வினைமுற்றின் விகுதியே திணையையும் பாலையும் எண்ணையும் காட்டிவிடுகிறதல்லவா? ஆகவே, நம் பிள்ளைகளுக்கு இரண்டு டின்கள் போதவில்லை. “டீச்சர், பாடினாள், ஆடினாள் எல்லாம் தனி டின்ல போடணும்” என்றாள் ஒருத்தி. எத்தனை டின்கள் வேண்டும் என்று வாதாடி, இறுதியில் பெயர்களுக்கு ஐந்தும் வினைகளுக்கு ஐந்தும் என்று முடிவுக்கு வந்தார்கள். ஐம்பாலை நான் அன்று கற்பிக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அதையே ஸ்கிராட்ச்சில் பட்டியல்களாகச் செய்தோம்.

இனி ஆமைக்கு வருவோம். 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கிரே வால்ட்டர் எனும் மூளையியல் ஆய்வாளர் ஒளியை நோக்கி ஊர்ந்து செல்லும் சிறு இயந்திரங்களைச் செய்து, அவற்றை ஆமைகள் என்று அழைத்தார். அப்பெயரைத் தழுவியே, 1970ஐ ஒட்டிப் பேப்பர்ட்டின் குழுவினர் தங்கள் தரை இயந்திரத்துக்கும் ஆமை என்று பெயரிட்டனர். வயிற்றில் பேனாவைத் தாங்கியபடி, விரித்த தாளின் மீது கோடிழுத்துச் செல்லும் இயந்திரம் அது. முன்னே செல், பின்னே செல், வலம் திரும்பு, இடம் திரும்பு – இவ்வளவுதான் அதற்குத் தெரியும். பிற்பாடு தரையில் ஊர்ந்த ஆமை திரைக்குள் புகுந்தது.

இந்த ஆமையின் சிறப்பு என்ன? குழந்தை தன்னையே ஆமையாக நினைத்துக் கொள்ளலாம். வட்டம் வரைவது எப்படி என்று கேட்கும் பிள்ளைக்குப் பேப்பர்ட் விடை சொல்லச் சொல்லவில்லை. எழுந்து வட்டமாக நடந்து பார், உன் கால்கள் என்ன செய்கின்றன என்று கவனி என்றார். ஓர் அடி வைக்கிறோம், சிறிது திரும்புகிறோம், மீண்டும் ஓர் அடி. முன்னே 1, வலம் 1, அதை 360 முறை. வட்டம் வந்துவிட்டது! ஆரமும் வேண்டாம், ‘பை’யும் வேண்டாம்.

எங்கள் பள்ளியின் பூப்பந்துத் திடலில் வெண்கட்டியோடு இதைச் செய்தோம். ஒருவர் ஆமை, ஒருவர் கட்டளையிடுபவர், ஒருவர் ஆமை சென்ற வழியில் கோடு போடுபவர். சதுரம் எளிதில் வந்தது. முக்கோணத்தில்தான் சண்டை. சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று நான்காண்டுகளாகப் படித்தவர்கள் அல்லவா? “முன்னே 5, வலம் 60” என்று உரக்கக் கட்டளையிட்டான் ஒருவன். ஆமையாக இருந்த சிறுமி மூன்று பக்கங்களை நடந்து முடித்தபோது, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராமல் எங்கோ நின்றாள். அது அறுகோணத்தின் பாதி என்பது பிறகுதான் புரிந்தது. கணக்கு தவறு என்று யாரும் சிவப்பு மையால் எழுதவில்லை. ஆமை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சிறுமியே, “நான் உள்பக்கம் திரும்பல, வெளிப்பக்கமா திரும்புறேன்” என்று சொல்லி, 120 என்று கண்டுபிடித்தாள். மூன்று நூற்றிருபது 360. நான்கு தொண்ணூறும் 360. எதைச் சுற்றி வந்தாலும் புறப்பட்ட திசைக்கே திரும்பினால் 360தான் வருமா என்று கேட்டான் கட்டளையிட்டவன். நான் “நடந்து பாருங்கள்” என்றேன்.

நிரலாக்கத்தில் முதல் முயற்சியே சரியாக வருவது அரிது. பிழை வந்தால் என்ன நேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்ப்பதுதான் அங்கு வேலையே. பள்ளியில் பிழை என்பது அழிப்பானுக்குரியது. இவ்விரண்டு பழக்கங்களும் ஒரே குழந்தைக்குள் எப்படிக் குடியிருக்கும் என்று பேப்பர்ட் கவலைப்பட்டதில் பொருளுண்டு.

1977-78இல் புரூக்லைன் நகரப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்பில் நான்கு கணினிகளை வைத்து, பதினாறு பிள்ளைகளின் வேலையைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்தனர். நான்கே கணினிகள்! எங்கள் கணினிக்கூடத்தைப் பற்றி இனி நான் புலம்பக் கூடாது. 1980இல் பேப்பர்ட்டின் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூல் வெளிவந்தது. (செய்து கற்றலின் பெருமையை உலகறியச் செய்ததும் ஒரு புத்தகம்தான் என்பது வேடிக்கை.) சிறு கணினிகள் மலிந்தன. 1981இல் பிரிட்டனில் பி.பி.சி. மைக்ரோ வந்தது. பல நாடுகளில் லோகோ பள்ளிக்குள் நுழைந்தது.

இத்தோடு கதையை முடித்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால், முடியவில்லை.

நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் எனும் ஆய்வாளர்கள் ஓர் எளிய கேள்வியைக் கேட்டனர். லோகோ கற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் திட்டமிடுகிறார்களா? எட்டு ஒன்பது வயதினரையும் பதினொன்று பன்னிரண்டு வயதினரையும் ஓராண்டு கவனித்தனர். வகுப்பறையைத் துப்புரவு செய்யும் வேலைகளை எந்த வரிசையில் செய்தால் நடை குறையும் என்று திட்டமிடச் சொன்னார்கள். 1984இல் வெளிவந்த முடிவு கசப்பானது. லோகோ கற்றோருக்கும் கல்லாதோருக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. அழகான படங்களை வரைந்த பிள்ளைகள் பலருக்குத் தாங்கள் எழுதிய கட்டளைகளே சரியாக விளங்கியிருக்கவில்லை என்றும் தெரிய வந்தது. அவ்வகுப்புகளில் பிள்ளைகளைத் தாமாகவே கண்டறியும்படி பெரும்பாலும் விட்டுவிட்டிருந்தனர்.

பேப்பர்ட் சினந்தார். 1987இல் அவர் எழுதிய மறுமொழியில், மரம் நல்ல வீட்டைத் தருமா என்று கேட்பது எவ்வளவு பொருத்தமற்றதோ, லோகோ அறிவைத் தருமா என்று கேட்பதும் அத்தகையதே என்று வாதிட்டார். மரத்தைக் கொண்டு கட்டுகிறவரும் கட்டும் முறையும் அல்லவா வீட்டைத் தீர்மானிக்கும்?

நான் யார் பக்கம்? இருவர் சொல்வதும் மெய் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், பீ கண்ட வகுப்பை நானும் நடத்தியிருக்கிறேன்! ஏட்டில் எழுதவைத்த குற்றவுணர்வில், ஒரு பருவம் முழுதும் பிள்ளைகளைக் கணினிக்கூடத்தில் அவிழ்த்துவிட்டேன். “செய்து பாருங்கள், நீங்களே கண்டுபிடியுங்கள்.” முப்பது நிமிடமும் பூனைக்கு உடை மாற்றினார்கள், அதை மியாவ் என்று கத்தவைத்தார்கள். பருவ இறுதியிலும் அதே மியாவ்தான். கை வேலை செய்தது, கருத்து வேலை செய்யவில்லை. பூப்பந்துத் திடலில் முக்கோணம் விளங்கியதென்றால், அங்கே ஒருத்தி வந்து சேராமல் நின்றபோது, “எங்கே தவறினாய்? மறுபடி நட” என்று கேட்க ஆளிருந்ததுதான் காரணம். ஆசிரியர் விலகி நிற்பதும் ஆசிரியர் இல்லாமற் போவதும் ஒன்றல்ல. இதை நான் கற்க ஒரு பருவம் வீணாயிற்று. வீணானது என் பருவமன்று, அந்தப் பிள்ளைகளுடையது.

1993இல் எழுதிய மற்றொரு நூலில் பேப்பர்ட் வேறொன்றையும் சொன்னார். ஆர்வமிக்க ஆசிரியர்களின் வகுப்பறை மூலையில் இருந்த கணினிகளைப் பள்ளி நிருவாகம் திரட்டித் தனிக்கூடத்தில் பூட்டியது. அதற்கொரு பாடத்திட்டமும் கால அட்டவணையும் வகுத்தது. பாடங்களையெல்லாம் மாற்றியிருக்க வேண்டிய கருவி இன்னொரு பாடமாகிவிட்டது என்று. எங்கள் கணினிக்கூடத்தின் சாவி எங்கே தொங்குகிறது என்று நினைத்துக் கொண்டேன்.

பேப்பர்ட்டின் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் ஸ்கிராட்ச்சை வெளியிட்டது. சிங்கப்பூரில் 2014இல் தொடங்கப்பட்ட நிரலாக்கத் திட்டம் 2020 முதல் தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் அனைவரையும் எட்டியது. நம் நாட்டில் 2017இல் தொடங்கிய திருத்திய கலைத்திட்டத்தில் கணினியச் சிந்தனை இடம்பெற்றது. பேப்பர்ட் 2016இல் மறைந்தார்.

சரி, அந்தத் தாயாருக்கு என்ன சொன்னேன்? மறுவாரம் அவரைச் சந்தித்தபோது, “நீங்க புள்ளிக் கோலம் போடுவீங்களாம்மா?” என்று கேட்டேன். அவருக்கு வியப்பு. “பொங்கலுக்குப் போடுவேன் டீச்சர். அதுக்கும் இதுக்கும் என்ன?” என்றார்.

சொன்னேன். 1974லேயே சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கணினியியல் இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். 1980களில் கனடாவைச் சேர்ந்த பிரசின்கீவிச் ஆமைக் கட்டளைகளைக் கொண்டே கோலத்தை வரைந்து காட்டினார். கையை எடுக்காமல் ஒரே இழையாகப் போடும் சிக்குக் கோலம் ஆமை நடக்கும் பாதையேதான். “நீங்க தரையில போடுங்க. உங்க விரல் எங்க நேராப் போகுது, எங்க வளையுதுன்னு மகள் பார்த்து எழுதட்டும். அப்புறம் கணினியில போட்டுப் பார்க்கட்டும்” என்றேன். அவர் தலையாட்டினார். (பிறகு ஒரு புத்தகமும் வாங்கிவிட்டார் என்று கேள்வி!)

நான்கு புள்ளிக் கோலம். ஒவ்வொரு மூலையிலும் இழை புள்ளியைச் சுற்றிக் கொண்டு அடுத்த பக்கத்துக்குச் செல்லும். திங்கட்கிழமை அம்மாணவி கொண்டுவந்த நிரலில் மூலைக்கு 90 என்றிருந்தது. மூலை மழுங்கிய சதுரம் ஒன்று திரையில் வந்தது. புள்ளிகளைச் சுற்றவே இல்லை. “அம்மா இப்படிப் போடல” என்றாள். புதன்கிழமை 180. இழை சென்ற வழியே திரும்பி, நீண்ட வளையமாகிவிட்டது. “அம்மா விரல் மூலையில் எவ்வளவு தூரம் சுற்றுகிறது, இன்னொரு முறை பார்” என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை சபை கூடுவதற்கு முன்பே என்னைத் தேடி வந்துவிட்டாள். இடப்பக்கமாக முக்கால் வட்டம், 270 பாகை. நான்கு மூலையிலும் சுருள் விழுந்து, இழை புறப்பட்ட இடத்திலேயே வந்து மூடியிருந்தது. ஆனால், அவள் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் குழப்பம்தான் மிகுந்திருந்தது.

“டீச்சர், நான் நாலு தடவையும் இடப்பக்கம்தான் திரும்பினேன். ஆனா கோலம் வலப்பக்கமா சுத்தி வந்திருக்கு. எப்படி டீச்சர்?”

மேசை இழுப்பறையிலிருந்து வெண்கட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். திடல் அப்போது காலியாகத்தான் இருந்தது.